இரும்புத் திருவலை

கடந்த இலையுதிர்காலத்தில் ஒரு கூட்டத்துக்கு மடக்குக் கதிரைகள் தேவைப்பட்டு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒஸ்லோவில் தொடர்மாடிகளில் வாழ்பவர்களுக்குத் தெரியும். கதிரை, ஸ்கீ, பழைய சூட்கேஸ், கட்டிவைத்த சஞ்சிகைகள் எல்லாம் கீழே நிலவறையில்தான் கிடக்கும். கதவைத் திறந்து லைற்றைப் போட்டேன். அவர் கதிரைகளைப் பார்க்கவில்லை.

"உதென்ன அண்ணை, தையல் மெசினோ?"

"மில்லிங் மெசின்."

"என்னத்தை அரைக்கிறனியள்?"

அரைப்பதற்கல்ல, இரும்பு வெட்டுவதற்கு என்று விளங்கப்படுத்தினேன். இது சுவிஸில் லு லொக்கிள் என்ற மலையூரில் செய்த அசியேரா எஃப்1, வயதில் உமக்கு மூத்தது என்றும் சொன்னேன். கதிரைகளைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது அவர் தொடங்கிவிட்டார். "உது நல்ல பண்டவழிபாடு அண்ணை. வேலை செய்யேக்கை முதலாளியின்ர மெசின், பென்சன் எடுத்தாப்பிறகு உங்கட மெசின். எங்கட சனத்தின்ர வரலாற்றிலை எழுத எவ்வளவு கிடக்கு. நீங்கள் வெள்ளைக்காரன் எறிஞ்ச இரும்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறியள்." கடைசிப் படியில் நின்று, இதைப்பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினால் தான் எதிர்க்கட்டுரை எழுதுவதாகவும் சவால் விட்டார். அதன் விளைவே இது. அவருடைய எதிர்க்கட்டுரைக்கு அடுத்த இதழில் இடம் ஒதுக்குமாறு ஆசிரியர் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

*

முதலில் பொருளைச் சொல்லவேண்டும். லேத் என்பது எம்மில் பலருக்குத் தெரியும். ஊரில் 'கடைசல் பட்டறை' என்ற பலகை தொங்காத சந்தி குறைவு. லேத்தில் சுழல்வது இரும்பு, வெட்டும் அலகு அசையாமல் நிற்கும். மில்லிங் மெசினில் இது தலைகீழ். பல பற்கள் கொண்ட வெட்டி சுழலும். மேசையில் இறுக்கிய இரும்பு மெல்ல மெல்ல அதனிடம் போகும். கலைச்சொல்லாக்கம் செய்தவர்கள் இதற்குத் 'துருவல்' என்று பெயரிட்டது முற்றிலும் பொருத்தம். எங்கள் குசினிகளில் குந்தியிருந்து தேங்காய் துருவிய திருவலையில் அலகு அசையாது, தேங்காய்தான் அசையும். பிறகு மேசை விளிம்பில் பூட்டிக் கைபிடியால் சுற்றும் திருவலை வந்தது. அதில் பற்கள் சுழலும், தேங்காய்ப் பாதி அதன்மேல் அழுத்தப்படும். கைபிடித் திருவலையைப் பார்த்தவர் மில்லிங் மெசினைப் பார்த்தவர்தான். ஒரு வேறுபாடு: தேங்காயை அழுத்துவது ஆச்சியின் உள்ளங்கை; இங்கே இரும்பை நகர்த்துவது மூன்று திசைகளில் ஓடும் மேசை. ஒவ்வொரு திசைக்கும் ஒரு கைச்சில்லு. சில்லின் வளையத்தில் மயிரளவு கோடுகள். ஒரு கோடு நகர்த்தினால் மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு இரும்பு நகரும்.

நோர்வேஜியர் இதை ஃப்ரேசமஷின் என்பார்கள். மூலம் பிரெஞ்சுச் சொல். பழைய பிரபுக்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புக் கொலருக்கு வழங்கிய பெயர், பல் வைத்த வட்ட வெட்டிக்கும் வந்து சேர்ந்தது. இங்கே பனிக்காலத்தில் தெருவோரம் பனியைக் கிளறி வீசுகிற மெசினும் 'ஸ்னோஃப்ரேசர்'தான். வந்த புதிதில், நான் ஃப்ரேசர் பழகுகிறேன் என்று சொன்னபோது பனி அள்ளுகிற வேலை கிடைத்துவிட்டதென்று அறை நண்பர்கள் தேநீர் வைத்துக் கொண்டாடினார்கள்.

*

இதன் வரலாற்றை எழுதப் புகுபவர் முதலில் இடறுவது ஒரு கட்டுக்கதையில். மில்லிங் மெசினைக் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான ஈலாய் விற்னி, ஆண்டு 1818 என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லின. பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் பொறியைச் செய்து, அதன் மூலம் அமெரிக்கத் தென்பகுதியில் அடிமை முறைக்குப் புத்துயிர் கொடுத்த அதே விற்னிதான். 1960இல் றொபேட் வுட்பெரி என்ற ஆய்வாளர் 'ஈலாய் விற்னி புராணம்' என்ற கட்டுரையில் இதைக் கேள்விக்குட்படுத்தினார். விற்னி ஒருவர் கண்டுபிடித்ததல்ல. கனெற்றிக்கட் பள்ளத்தாக்கிலும் அரசாங்க ஆயுதசாலைகளிலும் சிமியன் நோர்த், றொபேட் ஜோன்சன் போன்ற துப்பாக்கி செய்வோர் பலர் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதை நோக்கி வந்தார்கள் என்பதே இன்று ஆய்வாளர் பலரும் ஏற்கும் நிலை. ஒரு தனிமனிதனை எடுத்துப் பீடத்தில் வைத்து, கூட நின்ற பத்துப் பேரை மறைப்பது எமது வரலாற்றெழுத்துக்கு மட்டும் உரிய நோயல்ல.

'துப்பாக்கி செய்வோர்' என்பதை வேண்டுமென்றே எழுதினேன். இந்த மெசின் ஆயுதசாலையில் பிறந்த பிள்ளை. ஒரு துப்பாக்கியின் பூட்டு உடைந்தால் இன்னொன்றின் பூட்டை அப்படியே எடுத்துப் போட முடியவேண்டும் என்று இராணுவம் விரும்பியது. அரத்தால் தேய்த்துப் பொருத்துகிற கம்மியனின் கை இதற்கு ஒத்துவராது. இரண்டு கைகள் ஒன்றுபோல் தேய்க்கா. அந்தக் கையை விலக்கத்தான் மில்லிங் மெசின் வந்தது. 1862இல் ஜோசப் பிறவுண் செய்த 'யூனிவேர்சல்' மெசின், இன்றைய சிறிய மெசின்களுக்கெல்லாம் பாட்டன், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில் பிறந்தது. துவக்குகளின் தீப்பொறிக் குழாயில் துளையிட முறுக்குத் துளைகருவிகள் தேவைப்பட்டன. அவற்றின் சுருள் பள்ளங்களைத் தொழிலாளர்கள் மெல்லிய வட்ட அரத்தால் கையாலேயே தேய்த்துக்கொண்டிருந்தனர். இதற்கு ஒரு வழி கேட்டு புறொவிடன்ஸ் நகரத்து ஆயுத நிறுவனமொன்றின் மேற்பார்வையாளர் பிறவுணிடம் போனார். விடையாக வந்ததுதான் அந்த மெசின்.

நோர்வேக்கும் இது பொருந்தும். 1814, இந்த நாடு அரசியலமைப்பு எழுதிய ஆண்டு. அதே ஆண்டில்தான் வெள்ளிச் சுரங்கம் சோர்ந்துகொண்டிருந்த கொங்ஸ்பேர்க் நகரில் ஆயுதத் தொழிற்சாலையும் தொடங்கப்பட்டது. அங்கே செய்யப்பட்ட கிராக்-யோர்கன்சன் துவக்கின் உடல் ஒரே இரும்புக் கட்டியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பல மில்லிங் வெட்டுகளால் குடைந்தெடுக்கப்படுவது. அதைச் செய்யப் பழகிய நகரம் பிறகு எதையும் செய்யப் பழகியது. நோர்வே ஒரு மீன்பிடி நாடு, எண்ணெய் நாடு என்று மட்டும் நினைத்திருக்கும் எம்மவர், ஒஸ்லோவின் ஆக்கர் ஆற்றங்கரையோரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்க்கலாம். இப்போது உணவகமும் அலுவலகமுமாக இருக்கும் செங்கற் கட்டடங்கள் பல, ஒரு காலத்தில் இரும்பும் நெசவும் நடந்தவை. மேலே கெல்சோஸ் வரை போனால் தொழில்நுட்ப நூதனசாலை. அந்தப் பகுதியில்தான் தன்பேர்க் வானொலித் தொழிற்சாலையும் இருந்தது. 1933இல் தொடங்கி, உலகமெங்கும் ரேப் றெக்கோடர் விற்று, 1978இல் முறிந்துபோனது.

*

சிறிய மெசின்களுக்கு வருகிறேன். பெரிய மில்லிங் மெசின்கள் துவக்குக்கும் மோட்டார் வண்டிக்கும் பிறந்தவை என்றால், சிறியவை கண்ணுக்கும் நேரத்துக்கும் பிறந்தவை. அதாவது கமராவுக்கும் மணிக்கூட்டுக்கும்.

மியூனிக்கில் பிரெடெரிக் டெக்கல் என்பவர் 1903இல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். அவர்கள் செய்தது கமராவின் ஷட்டர். 1912இல் வந்த 'கொம்பூர்' ஷட்டர் உலகப் புகழ் பெற்றது. றோலைஃபிளெக்ஸ் கமராவின் லென்சைச் சுற்றி அந்தப் பெயர் பொறித்திருக்கும். சின்ன வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் அடையாள அட்டைக்குப் படமெடுக்க முக்காலியில் இருந்தபோது, எழுத்துக்கூட்டி நான் வாசித்த முதல் ஜேர்மன் சொல் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நொடியின் நூறில் பங்கு நேரம் திறந்து மூடும் இதழ்களுக்கு வேண்டிய அச்சுகளையும் நுண்ணிய உறுப்புகளையும் வெட்டச் சந்தையில் இருந்த மெசின்கள் போதவில்லை. எனவே டெக்கல் தன் தேவைக்குத் தானே மெசின் செய்தார். அது மற்றப் பட்டறைகளுக்கும் பிடித்துப்போயிற்று. காலப்போக்கில் ஷட்டரைவிட மெசின் பெரிய பெயராகியது. எஃப்.பி.1 என்ற அவருடைய மெசினின் அமைப்பை உலகில் பலர் நகலெடுத்தார்கள். தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் கருவி என்பதுதான் இந்த மெசின்களின் தனிக்குணம். ஒரு லேத்தும் ஒரு மில்லிங் மெசினும் இருந்தால் இன்னொரு லேத்தும் இன்னொரு மில்லிங் மெசினும் செய்யலாம். ஆள் மட்டும் வேண்டும்.

சுவிஸின் யூறா மலைத்தொடரில் இதே கதை மணிக்கூட்டால் நடந்தது. பெவிலாரில் 1915இல் தொடங்கிய ஷோப்லின், லு லொக்கிளின் அசியேரா என்று பள்ளத்தாக்குக்கு ஒரு பெயர். கைக்கடிகாரத்தின் அடித்தட்டையும் பற்சில்லையும் செய்பவருக்கு வேண்டிய அச்சுகளை வெட்டும் மெசின்கள் இவை. ஆகவே இவை சிறியவை. கூடவே அந்தச் சிறுமைக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு உறுதியானவை.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு நோர்வேஜியக் கிழவர்.

*

நான் 1987 இலையுதிர்காலத்தில் ஒஸ்லோ வந்தேன். பேராதனையில் வரலாறு படித்து, நாலு வருடம் படிப்பித்து, வாழ்நாளில் அரத்தைக் கையால் தொடாதவன். வேலை தேடிப் போன ஓர் அலுவலகத்தில் எனது பட்டத்தின் மொழிபெயர்ப்பைப் பார்த்த பெண்மணி அதை மரியாதையாக மடித்துத் திருப்பித் தந்து, துப்புரவு வேலைக்கான விண்ணப்பத்தை நீட்டினார். இது எம்மில் எத்தனையோ பேருடைய கதை, நீட்டவேண்டியதில்லை. குரூட் பள்ளத்தாக்கில் கப்பல்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் அளவுகருவி உறுப்புகள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை மாலையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. தரையில் சுருள் சுருளாகப் பித்தளையும் உருக்கும். அவற்றை நிறம் பார்த்து வெவ்வேறு வாளிகளில் போடவேண்டும். இரண்டாம் மாதம், எல்லோரும் போனபிறகும் நின்று வேலை செய்யும் கிழவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு ஒரு கைச்சில்லில் என் கையை வைத்தார். "சுற்று" என்றார். சுற்றினேன். முதலில் எதுவும் நடக்காமல் சில்லு மட்டும் கொஞ்சம் ஓடியது. பிறகு மேசை பிடித்துக்கொண்டது. அந்த இடைப்பட்ட வெற்றுச் சுற்றைத்தான் அவர் காட்டவிரும்பினார். திருகிக்கும் அதன் சுரைக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் இளக்கம் இருக்கும், தேயத்தேயக் கூடும். எந்தத் திசையிலிருந்து வருகிறாய் என்பதை நினைவில் வைத்திரு, ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்து, தாண்டிப்போனால் நன்றாகப் பின்வாங்கி மறுபடி வா. எழுத்தில் ஒரு நிமிடப் பாடம். கைக்கு ஏற ஒரு வருடம் எடுத்தது.

அவரிடம்தான் சுரண்டுவதையும் பார்த்தேன். மேசை வழுக்கி ஓடும் தடம் தட்டையாக இருக்கவேண்டும். மெசினால் வெட்டியது போதாது. தட்டையென்று நிச்சயமான ஒரு பலகையில் நீல மையை மெல்லியதாகப் பூசி, தடத்தை அதில் தேய்ப்பார்கள். மேடுகளில் நீலம் ஒட்டும். அந்த நீலப் புள்ளிகளை மட்டும் உளி போன்ற சுரண்டியால் வழித்தெடுப்பார்கள். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல், நாட்கணக்கில். சரி, அந்த முதற் பலகை தட்டையென்று யார் சொன்னது? இந்தக் கேள்விக்கு விடை 1840இல் விற்வேர்த் என்ற ஆங்கிலேயர் விளக்கிய முறையில் இருக்கிறது. இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் பொருந்திவிடலாம். மூன்றாவது பலகையையும் சேர்த்து மாறிமாறி ஒப்பிட்டால் மூன்றும் தட்டையானால் மட்டுமே எல்லாம் பொருந்தும். இருவர் மட்டும் உடன்படுவது உண்மையைக் காட்டாது. எமது இரு முகாம் அரசியலில் வளர்ந்த எனக்கு இது வெறும் பட்டறை நுணுக்கமாகப் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல பழைய மெசின்களின் தடத்தில் அந்தச் சுரண்டியின் பிறை வடிவத் தடங்கள் இன்னும் தெரியும். எண்ணெய் தங்குவதற்கும் அவை உதவும். பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையெழுத்து அது. நண்பர் கேட்ட கவர்ச்சியில் பாதி எனக்கு இங்கேதான் இருக்கிறது. கையை விலக்கப் பிறந்த மெசினின் அடிவயிற்றில் கைதான் இருக்கிறது.

*

நண்பருடைய 'பண்டவழிபாடு' என்ற குற்றச்சாட்டுக்கு இனி வருவோம். டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட 'உற்பத்திச் சக்திகள்' என்ற நூலை எம்மில் இடதுசாரிச் சிந்தனை உள்ளவர்கள் படித்திருக்கவேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மெசின்களைத் தானியங்கியாக்க இரண்டு வழிகள் இருந்தன என்கிறார் அவர். ஒன்று, தேர்ந்த தொழிலாளி ஒருமுறை செய்வதை நாடாவில் பதிந்து திரும்ப ஓட்டுவது. மற்றது, தொழிலாளியை விட்டுவிட்டு, இஞ்சினியர் அறையில் எண்களாக எழுதி மெசினுக்கு ஊட்டுவது. அமெரிக்க விமானப்படையின் பணத்தில் எம்.ஐ.ரி. நிறுவனம் 1952இல் செய்துகாட்டியது இரண்டாவதை. வென்றது அதுவே. அது மேலானது என்பதால் மட்டுமல்ல, பட்டறைத் தளத்தின் அதிகாரத்தைத் தொழிலாளியின் கையிலிருந்து நிர்வாகத்தின் மேசைக்கு மாற்றியதாலும் வென்றது என்பது நோபிளின் வாதம்.

இந்த வாதத்தில் முக்கால்வாசி எனக்கு உடன்பாடு. கால்வாசி இல்லை. எண்களால் ஓடும் மெசின்களோடும் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். பின்னாளில் திரையில் எண்களை எழுதியவர்களும் அதே தொழிலாளர்கள்தான். வெட்டியின் சத்தம் மாறும்போது ஓடிவந்து நிறுத்துகிற காது அவர்களிடம்தான் இருந்தது. நோபிள் எழுதிய அளவுக்குத் திறன் செத்துவிடவில்லை, இடம் மாறியது. ஆனால் கை அறிந்திருந்த ஒன்று போனது உண்மை.

எண்வழி மெசின் எவ்வளவு அரசியல் கொண்டது என்பதற்கு நோர்வேயே சாட்சி. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் தொஷிபா மெசின் நிறுவனம், கப்பற் சுழலிகளைக் குடையும் ஒன்பது அச்சுப் பெரும் மில்லிங் மெசின்கள் நான்கை லெனின்கிராட் கப்பற்கட்டும் தளத்துக்கு விற்றது. ஏற்றுமதிப் பத்திரத்தில் அவை எளிய மெசின்களென்று எழுதப்பட்டன. அவற்றை இயக்கும் எண் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கொடுத்தது கொங்ஸ்பேர்க். 1987இல் இது வெளிவந்தபோது, சோவியத் நீர்மூழ்கிகள் ஓசையின்றி ஓடக் காரணமானார்கள் என்று அமெரிக்கா கொதித்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் கட்டட முன்றலில் ஒரு தொஷிபா வானொலிப் பெட்டியைச் சம்மட்டியால் உடைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். நீர்மூழ்கிகளின் ஓசை அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது என்று பின்னர் பலர் எழுதினார்கள். தொஷிபாவின் தலைவரும் நிறைவேற்றுத் தலைவரும் பதவி விலகினார்கள். ஏற்கெனவே கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கொங்ஸ்பேர்க் ஆயுதத் தொழிற்சாலை அதே 1987இல் சரிந்து துண்டு துண்டாகியது. தலைவர்கள் பதவி விலகிய அதே யூலையின் கடைசியில் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியது. எனக்கு அப்போது இரண்டாவது செய்தி மட்டுமே செய்தி. நான் வந்திறங்கிய நாட்டில் மக்கள் முதலாவதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மில்லிங் மெசினுக்காக ஏன் இவ்வளவு சத்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

*

எங்கள் பக்கம் திரும்புவோம். யாழ்ப்பாணத்துச் சமூகம் கைத்தொழிலை எங்கே வைத்திருந்தது? கொல்லர், தச்சர், தட்டாருக்கு ஒழுங்கைகள் இருந்தன. ஊரின் தலைவாசலில் இடம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் கதவுப் பிணைச்சல் உடைந்தால் ஆள் வந்து திருத்திவிட்டு வெளி விறாந்தையில் நின்று கூலி வாங்கிப் போவார். அவருக்குத் தேநீர் தனிக் குவளையில். அப்பாவின் கனவு கவுண்மேந்து உத்தியோகம், அதுவும் பேனை பிடிக்கிற உத்தியோகம். புகலிடத்துக்கு வந்து கோப்பை கழுவியும் நிலம் துடைத்தும் வாழ்ந்த எம்மவர் பலர் ஊருக்கு அதை எழுதவில்லை என்பதன் வேர் இங்கேதான். வறுமையை எழுதினார்கள், குளிரை எழுதினார்கள், கைவேலையை எழுதவில்லை.

1990இலிருந்து பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தைத் தாங்கியது யார்? பெற்றோல் இல்லாதபோது வண்டிகளை ஒரு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், பற்றரி இல்லாதபோது சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்க வழிசெய்தவர்கள், உதிரிப்பாகம் வராதபோது பழைய இரும்பைக் கடைந்து பூட்டியவர்கள். அந்த ஒழுங்கைகளின் பிள்ளைகளும் அந்தப் பட்டறைகளும்தான். அவர்களுக்கு ஒரு நினைவுக் கட்டுரை எங்கள் சஞ்சிகைகளில் நான் கண்டதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் விற்னியின் புராணம் எழுதியவர்களைவிட மேலானவனல்ல. அதே லேத்துகள் மோட்டார்க் குழாயும் கடைந்தன, கண்ணிவெடிக் கூடும் கடைந்தன. அவற்றில் கால் இழந்தவர்களில் இராணுவத்தினர் மட்டும் இல்லை. ஆயுதசாலையில் பிறந்த மெசின் தன் பிறப்பை மறப்பதில்லை. நான் அதற்கு எண்ணெய் பூசும்போது இதுவும் கையில் ஒட்டுகிறது.

நோர்வேக்கும் எமக்கும் இருந்த முதல் உறவே ஒரு பட்டறை உறவு என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். 1956இல் நோர்வே வந்த அன்ரனி இராஜேந்திரம் முன்னின்று, 1967இல் காரைநகரில் தொடங்கிய சீ-நோர் திட்டம் அகதி அரசியலல்ல. படகு கட்டுவது, வலை பின்னுவது.

இன்னொரு முன்னோடியும் உண்டு. ஆனந்த குமாரசுவாமி. மண்ணியலாளராக இலங்கையின் கனிமங்களை ஆராய்ந்தவர், கம்மாளரின் கலையை எழுதத் தொடங்கினார். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை அவர் எந்தப் பதிப்பாளரிடமும் கொடுக்கவில்லை. வில்லியம் மொறிஸ் தன் கெல்ம்ஸ்கொட் அச்சகத்தில் பயன்படுத்திய பழைய கை அச்சுப்பொறியைக் கொண்டு, இங்கிலாந்தில் தனது வீட்டிலேயே, 1907 செப்ரெம்பரிலிருந்து 1908 டிசம்பர் வரை பதினைந்து மாதங்கள் அச்சிடுவித்தார். 425 பிரதிகள். ஆலை மெசினை வெறுத்த அவர் எனது அசியேராவைப் பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பார் என்பது நிச்சயம். ஆனால், பிற நாட்டான் கைவிட்ட ஒரு பழைய இரும்பைத் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து, தனக்கு வேண்டியதைத் தானே, தன் வேகத்தில் செய்யவேண்டும் என்ற அந்த ஆசையை நான் அடையாளம் காண்கிறேன்.

*

இப்போது இந்த மெசின்களைத் தேடி வாங்குபவர்கள் ஐரோப்பாவெங்கும் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர், பல் வைத்தியர், மணிக்கூடு திருத்துபவர், தம் தொழிலில் எதையும் கையால் தொட முடியாத கணனிக்காரர். மணிக்கூட்டு நெருக்கடியில் 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலைசெய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் மிஞ்சியது மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல். அவர்களுடைய மெசின்கள் நிலவறைகளுக்கு வந்தன. டெக்கல் 1993இல் மாஹோவுடன் இணைக்கப்பட்டு அடுத்த ஆண்டே கில்டமைஸ்டரின் கைக்குப் போனது; ஷட்டர் செய்த பட்டறையின் தனிவாழ்வு அத்துடன் முடிந்தது. ஆகவே நாங்கள் கொஞ்சிக்கொண்டிருப்பது பலருடைய வேலையிழப்பின் எச்சம். நண்பரே, இதை உங்கள் எதிர்க்கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எங்கள் பட்டறை 2004இல் மூடப்பட்டது. பெரிய எண்வழி மெசின்களை ஏலத்தில் எடுத்து லொறியில் ஏற்றிப் போனார்கள். மூலையில் நின்ற சிறியதை எவரும் கேட்கவில்லை. பழைய இரும்பின் விலைக்கு எடுத்தேன். மேற்பாகம், மேசை, அடி என்று கழற்றி, நாலு பேர் மூன்று தடவையாக நிலவறைக்கு இறக்கினோம். கிழவர் அப்போது இல்லை. அவர் கையெழுத்தில் தடத்துக்கு எண்ணெய் விடும் நாட்களைக் குறித்த ஒரு அட்டை மட்டும் மெசினின் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் குறிப்பைத் தொடர்ந்து நான் எழுதிவருகிறேன்.

என்ன செய்கிறாய் என்று மனைவி கேட்கும்போது பட்டியல் சிறியது. ஓர் ஆர்மோனியத்தின் துருத்திக்கு ஒரு பிணைச்சல். தெரிந்தவர் வீட்டுச் சிங்கர் தையல் மெசினுக்கு, எங்கும் வாங்கமுடியாத ஒரு சின்ன நெம்பு. அந்த மெசின் 1995 இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் வன்னிக்குப் போய், பிறகு கொழும்பு வழியாக இங்கே வந்தது. அந்த நெம்பை வெட்ட எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எடுத்தன. முதல் இரண்டும் பிழைத்துவிட்டன. இரண்டாவதில் நான் வெற்றுச் சுற்றை மறந்துவிட்டேன்.

குடியிருப்புச் சங்கத்திலிருந்து இப்போது ஒரு கடிதம் வந்திருக்கிறது. நிலவறைகளைத் திருத்தப்போகிறார்களாம், பாரமான பொருட்களை வசந்தகாலத்துக்குள் அகற்றவேண்டும். மகன் தன் வீட்டில் இடமில்லை என்றான். அவன் சொன்னது பொய்யுமல்ல. கீழ்த்தளத்தில் இருக்கும் எரித்திரிய இளைஞன் இரண்டு தடவை வந்து பார்த்தான். கைச்சில்லைச் சுற்றினான், வெற்றுச் சுற்றைக் கவனித்து என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு விலை கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மேசையின் இளக்கத்தை இறுக்கத் தொடங்கியிருக்கிறேன்.